டெல்லியிலிருந்து திரியுண்ட்: கடுங்குளிரில் தனியாக ஏறி அன்றே இறங்க ஒரு வழிகாட்டி

பனி பார்க்க வேண்டும், கூட்டத்தோடு வேனில் போகாமல் சொந்தக் காலில் ஏறிப் பார்க்க வேண்டும், கையில் ஒரு வாரக் கடைசிதான் இருக்கிறது. இப்படி யோசித்துக்கொண்டிருக்கும் டெல்லித் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். மலை, இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் மெக்லியோட்கஞ்சுக்கு மேலே இருக்கும் திரியுண்ட். உயரம் சுமார் 2,850 மீட்டர். காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம்.

இந்த மலையைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களுக்கானவை. 'சுலபம், குழந்தைகளும் ஏறலாம், வழியெல்லாம் டீக்கடை' என்று இருக்கும். ஜனவரியில் அதே பாதையில் கடைகள் மூடியிருக்கும், நிழல் விழும் வளைவுகளில் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும், அனுமதிச் சீட்டு எங்கே வாங்குவது என்று ஆளுக்கொரு பதில் வரும். அந்த அலைச்சலில் எனக்கு அரை நாளுக்கு மேல் போனது. நடை இதில் சிரமமே இல்லை. காகிதம், துணி, கடிகாரம் இந்த மூன்றில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. தேதியை வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள்

வட இந்தியாவில் குளிர்காலப் பனிக்குக் காரணம் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள். வானிலை அறிக்கையில் 'மேற்கத்திய இடையூறு' என்றும் இந்திச் செய்தியில் 'பஷ்சிமி விக்ஷோப்' என்றும் சொல்வது இதைத்தான். அது வரும்போது டெல்லியில் மேகமூட்டமும் தூறலும் இருந்தால், அங்கே தௌலாதார் மலைத்தொடரில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். அது கடந்து போனதும் வானம் பளிச்சென்று இருக்கும், குளிரும் இன்னும் கூடும்.

டெல்லியிலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. வியாழன் இரவு பேருந்து. வெள்ளிக்கிழமை அங்கே ஓய்வும் ஏற்பாடுகளும். சனிக்கிழமை ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை மாற்று நாள், சனிக்கிழமை வானிலை கெட்டால் பயன்படும். ஞாயிறு இரவு பேருந்து பிடித்துத் திங்கள் காலை டெல்லி. வெள்ளிக்கிழமை விடுப்பை மிச்சம் பிடிக்கலாம் என்று வெள்ளி இரவு கிளம்பிச் சனி காலையில் நேராக மலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். தூங்காத உடம்பு, 200 சொச்சம் மீட்டர் உயரத்து டெல்லியிலிருந்து ஒரே மூச்சில் 2,850 மீட்டர், மாற்று நாளும் இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சிம்லா மையம் மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. காங்ராவுக்கு மஞ்சள் என்றாலே தனியாகப் போகாதீர்கள். கூட்டமாகப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டாம், அவர்களில் ஒருவர் வழுக்கினால் தூக்க நாலு பேர் உண்டு.

புதுப் பனி விழுந்த மறுநாள் காட்சி அபாரமாக இருக்கும், ஆனால் பாதை தெரியாது. ஒரு நாள் விட்டுப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் மிதித்துத் தடம் போட்டிருப்பார்கள். அந்தத் தடம் இரவில் உறைந்து ஐஸாகும், அதற்கு என்ன செய்வது என்பது நான்காம் படியில்.

புத்தாண்டு வாரத்தையும் ஜனவரி 26 ஒட்டிய விடுமுறையையும் தவிருங்கள். அறை வாடகை எகிறும், மெக்லியோட்கஞ்ச் சாலையில் வண்டிகள் ஊரும். பொங்கலுக்கு ரெஸ்ட்ரிக்டட் ஹாலிடே எடுக்கிற மத்திய அரசு ஊழியர்களுக்கு நல்ல வாய்ப்பு. அந்த நேரத்தில் மற்றவர்கள் விடுமுறையில் இல்லை. வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை.

2. தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்

பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இது. காங்ரா மாவட்ட நிர்வாகம் குளிர்காலத்தில் மலையேற்றத்துக்குத் தடை உத்தரவு போடுவது வழக்கம். கடந்த ஆண்டுகளில் 3,000 மீட்டருக்கு மேல் முழுத் தடை, திரியுண்ட், கரேரி போன்ற தாழ்வான பாதைகளுக்குக் காவல்துறையின் முன் அனுமதி என்ற மாதிரி உத்தரவுகள் வந்திருக்கின்றன. வானிலை எச்சரிக்கை வந்தால் அந்த அனுமதியும் தானாக ரத்து. திரியுண்ட் 3,000-க்குக் கீழே இருப்பதால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம், அதற்கு மேலே உள்ள ஸ்னோலைன், லாகா பக்கம் போனால் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள்.

உத்தரவு ஆண்டுக்கு ஆண்டு மாறும், சில சமயம் வாரத்துக்கு வாரம். அதனால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு இதைச் செய்யுங்கள். முதலில் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் அறிவிப்புகளைப் பாருங்கள். அப்புறம் மெக்லியோட்கஞ்ச் காவல் நிலையத்துக்கு போன் செய்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இன்று திரியுண்ட் திறந்திருக்கிறதா? தனியாக வருபவரை அனுமதிக்கிறீர்களா? அனுமதி உங்களிடமா, தர்மசாலாவில் எஸ்.பி. அலுவலகத்திலா? மூன்றாவது கேள்விதான் உயிர்க் கேள்வி. தர்மசாலா நகரம் கீழே, மெக்லியோட்கஞ்ச் மேலே. தப்பான இடத்துக்குப் போனால் ஏறி இறங்கியே பொழுது போகும். பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'யார் சொன்னது?' என்று கேட்பார்கள்.

தனியாக விட மாட்டோம், உள்ளூர் வழிகாட்டி வேண்டும் என்று சொன்னால் வாதாட வேண்டாம். பதிவு பெற்ற வழிகாட்டி ஒருவரைப் பேசிக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் சுகம் கொஞ்சம் குறையும், ஆனால் பனிக்காலப் பாதையை ஒருமுறை தெரிந்தவரோடு பார்த்துவிட்டால் அடுத்த முறைக்கு உதவும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார் அட்டையின் அசலும் மூன்று நகலும் (ஒன்று அறைக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று பையில்), இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், தங்கும் அறையின் முகவரியும் தொலைபேசி எண்ணும், ஒரு தாளில் எழுதிய பயணத் திட்டம். கைபேசியில் டிஜிலாக்கர் இருக்கிறதே என்றால், மலையில் கைபேசி செத்துக் கிடக்கும்போது அதுவும் இருக்காது. நகலை டெல்லியிலேயே எடுத்துவிடுங்கள். அங்கே குளிர்காலத்தில் ஜெராக்ஸ் கடை பத்து மணிக்கு முன்னால் திறப்பதில்லை, திறந்தாலும் கரண்ட் இல்லாமல் போகலாம்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மருத்துவக் காப்பீட்டிலும் பயணக் காப்பீட்டிலும் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருப்பது சகஜம். 'மலையேற்றம்' என்பதை உங்கள் பாலிசி எப்படிப் பார்க்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக 'ஆமா சார், கவர் ஆகும்' என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

3. டெல்லியில் ஒரு நம்பகமான ஆள்

தனியாகப் போவது என்றால் யாருக்கும் தெரியாமல் போவது இல்லை. மனைவியோ கணவரோ நண்பரோ பக்கத்து வீட்டு மாமியோ, பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியது: எந்தப் பாதை, எத்தனை மணிக்குக் கிளம்பல், என்ன நிற ஜாக்கெட், எத்தனை மணிக்குள் உங்கள் அழைப்பு வரும், வராவிட்டால் யாருக்கு போன் செய்வது.

கடைசி வரியில் ஒரு பொறி இருக்கிறது. டெல்லியிலிருந்து 112-ஐ அழைத்தால் அந்த அழைப்பு டெல்லி கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். உங்களைத் தேட வேண்டியவர்கள் காங்ராவில் இருக்கிறார்கள். ஆகவே மெக்லியோட்கஞ்ச் காவல் நிலையத்தின் நேரடி எண், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் நேரடி எண் இரண்டையும் எஸ்.டி.டி. குறியீட்டோடு (தர்மசாலாவுக்கு 01892) அந்தத் தாளில் எழுதுங்கள். நீங்கள் மலையில் இருந்துகொண்டு அழைக்க 112 போதும்.

கெடுவாக நான் வைப்பது மாலை 6 மணி. ஐந்து மணிக்கே இறங்கியிருக்க வேண்டும், ஒரு மணி நேரம் சிக்னலுக்கும் டீக்கும். அம்மாவை இந்த ஆளாக வைக்காதீர்கள். மதியம் ஒரு மணிக்கே காவல் நிலையத்துக்கு போன் போய்விடும்.

4. உடை: குளிருக்கு முன்னால் வியர்வையைப் பாருங்கள்

நம் ஆட்கள் குளிர் என்றதும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பிப்பார்கள். இருபது நிமிடத்தில் உள்ளே குளித்தது போல நனைந்திருக்கும். மேலே போய் நிற்கும்போது காற்று அடிக்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும், அது ஒரு பக்கம். காற்று இன்னொரு பக்கம். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 13 போல உறைக்கும். திரியுண்ட் ஒரு திறந்த முகடு. ஒதுங்க மரம் கிடையாது.

உடம்பை ஒட்டி: பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளித் தெர்மல். பருத்திப் பனியன் கூடவே கூடாது, அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பருத்தி ஜீன்ஸும் அப்படியே. அதற்கு மேல் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை). எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய மேலங்கி. இந்த மூன்றோடு நடங்கள். இறகு அடைத்து உப்பிய டவுன் ஜாக்கெட் பையில் இருக்கட்டும், நின்றவுடன் எடுத்துப் போட்டுக்கொள்ள. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஓர் அடுக்கு அதிகம்.

கையுறை இரண்டு ஜோடி: மெல்லியது ஒன்று, அதற்கு மேல் தடித்தது ஒன்று. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்று மாற்றுக்கு. ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிட்டுப் போகும். காதை மூடும் தொப்பி, கழுத்தைச் சுற்றி மாட்ட பஃப் என்னும் துணி வளையம், பனியில் பட்டுத் திரும்பும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்துக்கு சன்ஸ்கிரீன். நம் நிறத்துக்கு எதற்கு சன்ஸ்கிரீன் என்று கேட்டவரின் மூக்குத்தோல் உரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஷூ கணுக்காலை மூடுவதாக, பல் வைத்த அடியோடு இருக்கட்டும். அதன் மேல் மாட்ட மைக்ரோஸ்பைக் அவசியம். ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சின்னச் சின்னப் பற்களும் உள்ள பொருள் இது. பெரிய பல் வைத்த கிராம்பான் வேறு, அது இங்கே தேவையில்லை. மெக்லியோட்கஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு கடையில் எனக்குக் கொடுத்ததில் ரப்பர் வெடித்து, பற்கள் மொட்டையாகி இருந்தது. 'சல் ஜாயேகா' (சமாளிச்சுக்கலாம்) என்றார் கடைக்காரர். சலிக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். ரப்பரை இழுத்துப் பாருங்கள், பல்லை விரலால் தடவிப் பாருங்கள், கடையிலேயே ஷூவில் மாட்டி நடந்து பாருங்கள்.

டெல்லியில் எங்கே வாங்குவது? காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரிங் ரோட்டில் உள்ள மொனாஸ்டரி மார்க்கெட்டில் ஜாக்கெட், கம்பளித் தொப்பி, காலுறை பேரம் பேசி வாங்கலாம். தெர்மலும் ஃப்ளீஸும் டெக்கத்லான் மாதிரிக் கடையில் வாங்குவது மேல், அங்கே துணி எதனால் ஆனது என்று எழுதியிருக்கும். நண்பர்களிடம் இரவல் கேட்கக் கூச்சப்படாதீர்கள். டெல்லியில் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு மணாலி ஜாக்கெட் தூங்கிக்கொண்டிருக்கிறது.

பையில் மற்றவை: தலைவிளக்கு, புது பேட்டரி, விசில், எமர்ஜென்சி போர்வை என்று விற்கும் வெள்ளிநிறத் தாள், சின்ன முதலுதவிப் பை, ஊன்றுகோல் ஒன்று அல்லது இரண்டு, குப்பைக்கு ஒரு பை.

5. நுரையீரலுக்கும் முழங்காலுக்கும் மூன்று வாரம்

டெல்லியில் டிசம்பர் காற்றில் வெளியே ஓடுவது தற்கொலை. அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறீர்கள் என்றால் லிஃப்டை விட்டுப் படியில் ஏறுங்கள், முதுகில் ஐந்து கிலோ பையோடு. நாற்பது நிமிடம் நிற்காமல் ஏறி இறங்க முடிந்தால் போதும். இறங்குவதைத் தவிர்க்காதீர்கள், திரும்பும் வழியில் முழங்கால்தான் வேலை செய்யப் போகிறது. ஆர்.கே.புரத்தில் இருப்பவர்கள் மலை மந்திர் படிகளைப் பயிற்சிக் களமாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பத்து சுற்று முடித்ததும் அர்ச்சகர் என்ன வேண்டுதல் என்று விசாரித்தாராம்.

6. பயணமும் செலவும்

டெல்லியிலிருந்து தர்மசாலா சாலை வழியாக ஏறத்தாழ 475 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் 10 முதல் 12 மணி நேரம். இமாசல அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வால்வோ காஷ்மீரி கேட்டிலிருந்து கிளம்பும். தனியார் பேருந்துகள் பல மஜ்னு கா டில்லாவிலிருந்து. ஏறும் இடத்தை டிக்கெட்டில் இரண்டு முறை படியுங்கள், இரண்டும் வேறு வேறு இடம். இறங்கும் இடத்தையும் பாருங்கள். தர்மசாலாவோடு நிற்கும் வண்டியும் உண்டு, மெக்லியோட்கஞ்ச் வரை போகும் வண்டியும் உண்டு.

ரயில் என்றால் பதான்கோட் வரை போய், அங்கிருந்து மூன்று மணி நேரம் பேருந்து. ஜனவரி மூடுபனியில் ரயில் எப்போது சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. கக்கல் விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பார்வைத் தூரம் குறைந்தால் விமானம் ரத்தாகும்.

மூடுபனி பேருந்தையும் விடாது. பானிபத், அம்பாலா பக்கம் நெடுஞ்சாலையில் வண்டி ஊர்ந்து போகும். திங்கள் காலை ஒன்பது மணி மீட்டிங்கை ஒப்புக்கொள்ளாதீர்கள், அரை நாள் விடுப்பு கையில் இருக்கட்டும்.

செலவைத் தோராயமாகச் சொல்கிறேன். பேருந்து ஒரு வழிக்கு ஆயிரத்துக்கு மேல், இரண்டாயிரத்துக்குள். எளிய அறை ஓர் இரவுக்கு 1,000 முதல் 1,500, கீசர் ஓடுகிறதா என்று முதலில் திருகிப் பாருங்கள். ஹீட்டருக்குத் தனிக் காசு கேட்பார்கள், அறை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு, டாக்ஸி, வாடகைச் சாமான் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆக, துணிமணி ஏற்கெனவே இருந்தால் எட்டாயிரம் ஒன்பதாயிரத்தில் முடியும். வழிகாட்டி எடுத்தால் அவர் கூலி தனி. சில்லறை ரொக்கமாக இரண்டாயிரமாவது வையுங்கள், கரண்டும் நெட்டும் போனால் யு.பி.ஐ. வேலை செய்யாது.

7. வெள்ளிக்கிழமை செய்ய வேண்டியவை

குளித்துச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தூங்குங்கள். பிறகு காவல் நிலையம். போனில் சொன்னது இன்றும் செல்லுமா என்று கேட்டு, பெயரைப் பதிவு செய்து, சீட்டுக் கொடுத்தால் வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அப்புறம் வாடகைச் சாமான். முன்பணம் வாங்குவார்கள், ரசீது கேளுங்கள். அசல் ஆதாரை ஈடாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகலும் பணமும் போதும்.

மாலையில், மெக்லியோட்கஞ்சுக்கு மேலே உள்ள தரம்கோட் கிராமம் வரை மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். உயரம் பழகும், சனிக்கிழமை காலை இருட்டோடு இருட்டாக எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்பதும் தெரிந்துவிடும். வழியில் டீக்கடைக்காரரிடம், 'பாய் சாப், ஊபர் பரஃப் கித்னி ஹே?' (அண்ணே, மேலே எவ்வளவு பனி இருக்கு?) என்று கேளுங்கள். அன்று மேலே போய் வந்தவர் சொல்லும் சேதிக்கு எந்தச் செயலியும் ஈடாகாது.

இரவே பையைக் கட்டுங்கள். வரைபடத்தை நெட் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வைத்துவிடுங்கள். சாராயம் வேண்டாம். அது உடம்பைச் சூடாக்குவது போலத் தோன்றும், உண்மையில் தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்சூட்டை வெளியேற்றும்.

சாப்பாட்டில் நம் ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. இட்லி கல்லாகும், புளியோதரை பருக்கை பருக்கையாக விறைத்துப் போகும். ஆலு பராத்தாவைச் சுருட்டித் தாளில் சுற்றி ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வறுத்த முந்திரி எல்லாம் கையுறையோடே எடுத்துத் தின்ன வசதி. ஃபிளாஸ்கில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, இதற்கு இணை கிடையாது. சுக்குப் பொடியை டெல்லியிலிருந்தே கொண்டு போங்கள்.

8. ஏறும் நாள்

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே சூரியன் உதிக்க ஏழேகால் ஆகும், மாலை ஐந்தரையை ஒட்டி மறையும். உங்கள் கையில் இருப்பது பத்து மணி நேரம். கணக்கு இப்படிப் போடுங்கள்.

காலை 6:15-க்கு வயிறு நிறையச் சாப்பாடு. 6:45-க்கு டாக்ஸி. பனி இல்லாவிட்டால் காலு தேவி கோயில் வரை போகும், பனி இருந்தால் தரம்கோட்டோடு நின்றுவிடும். டாக்ஸிக்காரரிடம் முதல் நாளே பேசி வைத்தால்தான் அந்த நேரத்துக்கு வருவார். காலுவில் சோதனைச் சாவடியில் ஆள் இருந்தால் பெயர் எழுதிவிட்டு நடங்கள்.

காலுவிலிருந்து திரியுண்ட் 5, 6 கிலோமீட்டர் தூரம், உயரத்தில் சுமார் 700 மீட்டர் ஏற்றம். கோடையில் இரண்டரை, மூன்று மணி நேரம். பனியில் நான்கு என்று வையுங்கள். பாதை ஓக் மரங்களுக்கும் புரான்ஸ் (ரோடோடென்ட்ரான்) மரங்களுக்கும் நடுவே நிதானமாகத்தான் ஏறும். பாதி வழியில் ஒரு பழைய டீக்கடை உண்டு. திறந்திருந்தால் மகிழ்ச்சி, அதை நம்பித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மேலேயும் குளிர்காலத்தில் தண்ணீர் கிடையாது. இரண்டு லிட்டர் சுமந்தாக வேண்டும். பாட்டிலைக் காலுறைக்குள் போட்டுத் தலைகீழாகப் பையில் வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும், தலைகீழாக வைத்தால் மூடிப் பக்கம் உறையாது.

கடைசி ஒரு கிலோமீட்டர்தான் சோதனை. வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறும். வெயில் படாத திருப்பங்களில் ஐஸ். மைக்ரோஸ்பைக்கை வழுக்கிய பிறகு மாட்டாதீர்கள், முதல் ஐஸைப் பார்த்ததும் மாட்டுங்கள். பாதையின் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் ஒட்டி நடங்கள். எதிரே கோவேறு கழுதைகள் வந்தாலும் அதே விதி: நீங்கள் மலைப் பக்கம், அவை பள்ளத்துப் பக்கம்.

பாக்சு அருவி வழியாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. வரைபடச் செயலி அதைக் காட்டி ஆசை காட்டும். செங்குத்து, ஆள் நடமாட்டம் குறைவு. பனியில் அந்தப் பக்கமே வேண்டாம்.

கைபேசியை உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் பேட்டரி 30 சதவீதத்திலும் சட்டென்று அணையும். பவர் பேங்கும் உள்பையில்தான்.

முக்கியமான ஒன்று: திரும்பும் நேரம் பகல் 1 மணி. எங்கே இருந்தாலும் 1 மணிக்குத் திரும்புங்கள், உச்சி கண்ணுக்கு எதிரே இருநூறு அடியில் தெரிந்தாலும் சரி. மதியத்துக்கு மேல் மேகம் எழும்பி முகட்டை மூடும், பத்தடிக்கு அப்பால் தெரியாது. இருட்டிய பிறகு காட்டில் சிறுத்தையும் கரடியும் நடமாடும் பகுதி அது. ஐஸும் மறுபடி இறுகும். 1 மணி என்பதை டெல்லியிலேயே தாளில் எழுதி, அந்த நம்பகமான ஆளிடமும் சொல்லிவிடுங்கள். மேலே போய் முடிவெடுத்தால் மனம் 'இன்னும் கால் மணி நேரம்' என்று பேரம் பேசும்.

உச்சியில் முதல் வேலை டவுன் ஜாக்கெட்டைப் போடுவது. தௌலாதார் சுவர் போல எதிரே நிற்கும். படம் எடுப்பதெல்லாம் அதன் பிறகு. சிக்னல் அங்கங்கே வரும். டெல்லிக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

9. உடம்பு காட்டும் குறிகள்

கூட ஆள் இருந்தால் அவர் உங்களைப் பார்த்துச் சொல்வார். தனியாக இருக்கும்போது நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கட்டை விரலால் சுண்டு விரலைத் தொடுங்கள். தொட முடியாமல் தடுமாறினால், ஜிப்பை இழுக்க விரல் ஒத்துழைக்காவிட்டால், வாய்விட்டு ஏதாவது சொல்லிப் பார்க்கும்போது நாக்குக் குழறினால் உடம்புச் சூடு இறங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே திரும்புங்கள். காய்ந்த துணிக்கு மாறுங்கள், சூடாகக் குடியுங்கள், இனிப்புத் தின்னுங்கள், நடந்துகொண்டே இருங்கள். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. குளிர் அப்படியே இருக்க நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் அது முன்னேற்றம் இல்லை, ஆபத்து. உடனே 112.

விரல் நுனியோ மூக்கோ மரத்து வெளுத்தால் பனியை வைத்துத் தேய்க்காதீர்கள், தேய்க்கவே கூடாது. அக்குளில் வைத்துச் சூடு காட்டுங்கள். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் உயரத்தின் வேலை, இறங்கினால் சரியாகும்.

நகர முடியாமல் போனால் பையின் மேல் உட்காருங்கள், வெறும் பனியில் உட்காரக் கூடாது. வெள்ளித் தாளைச் சுற்றிக்கொண்டு நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஊதுங்கள். மலையேறிகள் உதவி கேட்கும் சர்வதேச முறை அது.

10. இறங்கிய பிறகு

இறக்கத்தில் மைக்ரோஸ்பைக்கைச் சீக்கிரம் கழற்றிவிடாதீர்கள். காலுவில் பெயர் எழுதியிருந்தால் திரும்பியதையும் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் ஒரு போன். இதைச் செய்யாமல் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டால், உங்களைத் தேடி யாரோ டார்ச்சோடு கிளம்ப வேண்டி வரும். டெல்லிக்கும் அழைத்து, கெடு முடிந்தது என்று வாயால் சொல்லுங்கள். செய்தி போயிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

வாடகைச் சாமானை அன்றே திருப்பிக் கொடுங்கள். ஞாயிறு காலை கடை தாமதமாகத் திறந்தால் முன்பணம் அங்கேயே தங்கிவிடும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். ஹீட்டருக்கு முன்னால் வைத்தால் அடிப்பசை விட்டுப்போகும்.